காலை முதல் டோக்கன்

கடிதம் எண் 347
10 நவம்பர் 1997, திங்கட்கிழமை, காலை 10.20 மணி

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு யாவரும் நலம். உன் நலமும், உன் மனைவியுடைய முழங்காலின் நலமும் அறிய ஆவல்.

உன் கடைசிக் கடிதத்தில் வழக்கம்போல் தேதி இல்லை. அஞ்சல் முத்திரையும் மங்கலாக விழுந்திருந்தது. அக்டோபர் 21 ஆகவும் இருக்கலாம், 28 ஆகவும் இருக்கலாம். நாட்காட்டி அச்சகத்தில் ஆயுளெல்லாம் பிழைதிருத்தியவனுக்குத் தம்பியாகப் பிறந்துவிட்டு, ‘செவ்வாய்’ என்று மட்டும் எழுதி நிறுத்த உனக்கு எப்படிக் கை வருகிறது? தொலைபேசியில் கேட்கலாமென்றால், “ஒரு நிமிஷம் அண்ணா” என்று சொல்லிவிட்டு மூன்று குழந்தைகளுக்கு ஊசி போட்டுவிட்டு வருகிறாய். ஆகவே எழுதுகிறேன்.

7 ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, நீ சொல்லிவைத்த நரம்பு மருத்துவரிடம் பேத்தியைக் கொண்டுபோய்க் காட்டினோம். நான் கேட்டுக்கொண்டபடியே முதல் டோக்கனை வாங்கித் தந்திருந்தாய். காலை எட்டு மணிக்கு உள்ளே அழைத்துவிட்டார்கள். மற்றவர்கள் வந்து நாற்காலியில் அமர்வதற்குள் நாங்கள் பார்த்து முடித்துவிட்டோம். உன் பெயரைச் சொன்னதும் வாசலில் இருந்த உதவியாளர் எழுந்து நின்றார். எனக்கு அது பெருமையாகவே இருந்தது.

மருத்துவர் குழந்தையிடம், “எங்க, நடந்து காட்டு” என்றார். கதவிலிருந்து சன்னல் வரை நடந்தாள். திரும்பி வந்தாள். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், நின்றாள். “பொண்ணு ஓட்டப் பந்தயத்துக்கே போகலாம்” என்றார் அவர். மருமகள் விடவில்லை. “சாயங்காலம் பாருங்க டாக்டர். கால் உள்பக்கமா மடங்கிடும். சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் வருவா” என்றாள். அவர் எழுதுவதை நிறுத்தாமலே, “சாயங்காலம் எனக்கும்தான்மா கால் வலிக்குது” என்றார். நானும் சிரித்துவிட்டேன். வீடு திரும்பும்போது பேருந்தில் மருமகள் குழந்தையோடு வேறு இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இவர் நான்காமவர். குழந்தைக்கு மூன்று வயதாகும்போது முதலில் பார்த்தவன் நீ. பிறகு உன் நண்பரான எலும்பு மருத்துவர், விரல் நுனியில் நடக்கும் பழக்கம் என்று சொல்லி இரண்டு கால்களுக்கும் மாவுக்கட்டுப் போட்டார். அதற்கடுத்தவர் பள்ளிக்குப் போகாமலிருக்கச் செய்யும் தந்திரம் என்றார். நீ வைத்த ‘நாடகக்காரி’ என்ற பெயர் வீட்டில் நிலைத்துவிட்டது. பால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

மருமகள் நல்ல பெண். ஆனால் பிள்ளை விஷயத்தில் பிடித்த பிடியை விடமாட்டேன் என்கிறாள். சித்தப்பா முறையில் என் மகனுக்கு நீயே நாலு வார்த்தை எழுதினால் நலம்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

இணைப்பு: 1. நரம்பு மருத்துவரின் சீட்டு, நகல். 2. முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய பதில் உறை.


செவ்வாய்
(தேதியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், அதில்தான் உங்களுக்குச் சந்தோஷம்)

அன்புள்ள காலண்டர் அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் உறையும் கிடைத்தது. உலகத்தில் தம்பிக்குத் தபால்தலை ஒட்டி உறை அனுப்பும் ஒரே அண்ணன் நீங்கள்தான்.

நரம்புக்காரர் அன்று மாலையே என்னைக் கூப்பிட்டுப் பேசினார். கவலைப்பட ஒன்றுமில்லை என்றார். நான் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவைத்திருந்தேன்: “நம்ம வீட்டுக் குழந்தைதான். அதுக்கு ஒண்ணும் இல்ல. அம்மாவுக்குத்தான் கொஞ்சம் பயந்த சுபாவம். அவங்க மனசு ஆறுறதுக்காக ஒரு தடவை பார்த்துடுங்க.” அவரும் அதையேதான் திருப்பிச் சொன்னார். மற்ற இரண்டு பேரிடமும் இப்படித்தான் சொல்லிவைத்தேன். இல்லையென்றால் தேவையில்லாமல் குழந்தையைக் குத்திக் கிழித்து ஆயிரம் சோதனை செய்திருப்பார்கள். அதிலிருந்து காப்பாற்றியதற்கு எனக்கு நன்றி சொல்லுங்கள்.

என்னிடம் வரும் தாய்மார்களில் பாதிப் பேர் இப்படித்தான். பிள்ளை தும்மினால் நுரையீரல் போய்விட்டது என்பார்கள். மருமகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: நாடகத்துக்குப் பார்வையாளர் இல்லையென்றால் திரை தானாக இறங்கிவிடும். குழந்தை விழுந்தால் பார்க்காத மாதிரி போகட்டும். ஒரு மாதத்தில் எழுந்து ஓடும்.

உங்கள் தம்பி மனைவியின் முழங்கால் என்னைத் திட்டும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறது.

தம்பி


கடிதம் எண் 348
12 ஜனவரி 1998, திங்கட்கிழமை, மாலை 6.40 மணி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை நவம்பர் 18 என்று குறித்துக்கொண்டேன். புத்தாண்டு நாட்காட்டியைத் தனி அஞ்சலில் அனுப்பினேன், வந்திருக்கும். பிப்ரவரித் தாளில் ஞாயிறுகளைச் சிவப்பில் அச்சிட மறந்திருக்கிறார்கள். நான் இருந்த காலத்தில் இப்படி நடந்திருந்தால் மேலாளர் சோறு தின்றிருக்கமாட்டார்.

நான் வழக்கமாகக் காலையில் எழுதுபவன். இப்பொழுது மாலையில் எழுதுவதற்குக் காரணம் உண்டு.

நீ சொன்னபடி குழந்தை விழுந்தால் பார்க்காததுபோல் இருந்தோம். மருமகளைத் தவிர. வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்குக் குழந்தை மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். என் மகன் அலுவலகத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். கீழே நின்றுகொண்டு, “எழுந்து வா. காலைல அந்தக் குதி குதிச்சியே, இப்ப என்ன?” என்றான். அவள், “கால் வரமாட்டேங்குதுப்பா” என்றாள். “ஒன்னோட காலு யாரு சொன்னா கேக்கும்? நான் சொன்னா கேக்குமா?” என்று மேலே ஏறிப்போய் முதுகில் ஓர் அடி வைத்தான். அவள் அழவில்லை. இரண்டு கைகளாலும் ஒவ்வொரு படியாக உட்கார்ந்தபடியே இறங்கி வந்தாள். அடிவாங்கிய பிள்ளை அழாமல் இறங்கி வந்ததை நான் கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நடிப்பென்றால் அழுகையும் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. மருத்துவம் படிக்காதவனின் எண்ணம், தவறாகவும் இருக்கலாம்.

இரவுச் சாப்பாட்டின்போது மருமகள், “மாமா, வேற யார்கிட்டயாவது சாயங்காலமா காட்டிப் பார்க்கலாமா?” என்று கேட்டாள். மாலையில் எல்லா இடத்திலும் கூட்டம். மேலும், உன் மூலமாகப் போகும்போது, வருகிறவர்களோடு சேர்ந்து வரிசையில் அமர்வது முறையல்ல, அது உனக்கும் மரியாதை இல்லை என்று சொன்னேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

இன்னும் பெரிய மருத்துவர் எவரேனும் இருந்தால் சொல்லிவைக்கவும். வழக்கம்போல் முதல் டோக்கன் கிடைத்தால் வசதி.

இப்படிக்கு,
உன் அண்ணன்

இணைப்பு: முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய பதில் உறை.


சனி

அன்புள்ள அண்ணாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். வெளியே குழந்தைகள் கத்துவது உங்களுக்கே கேட்கும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒன்று கேட்கிறேன். வீட்டுக்குள் ஒரு டாக்டரை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் டாக்டர் தேடினால், பார்க்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? என்னைச் சேர்த்து நான்கு பேர் பார்த்தாயிற்று. ஐந்தாவதாக ஒருவரிடம் போய், “நாலு பேர் பார்த்தாங்க, நம்பிக்கை வரல” என்று நான் எப்படிச் சொல்வேன்?

அவனிடம் அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அடித்தால் அதற்கும் ஒரு பார்வையாளர் கிடைத்த மாதிரிதான். மருமகளுக்குத் தூக்கம் வருவதற்கு ஒரு மாத்திரை எழுதி அனுப்புகிறேன். இரவில் பாதி கொடுங்கள். அவள் தூங்கினால் பிள்ளையும் சரியாகிவிடும். நாட்காட்டி அழகாக இருக்கிறது. ஞாயிறு கறுப்பாக இருந்தாலும் எனக்கு விடுமுறை கிடையாது, ஆகவே வித்தியாசம் தெரியவில்லை.

தம்பி


கடிதம் எண் 349
16 மார்ச் 1998, திங்கட்கிழமை, காலை 9.05 மணி

தம்பிக்கு,

குழந்தைக்கு நோய் இருக்கிறது. அதற்குப் பெயரும் இருக்கிறது. பெயர் நீளமானது, உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருக்க வேண்டும்.

மார்ச் 5, வியாழக்கிழமையன்று மருமகள் குழந்தையை அரசு மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினாள். துணைக்கு நானும் வருகிறேன் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: “வாங்க மாமா. ஆனா சின்ன மாமா பேரை அங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னீங்கன்னா நான் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு எழுந்து வந்துடுவேன்.” பதினொரு ஆண்டுகளில் என்னிடம் அவள் போட்ட முதல் நிபந்தனை அது.

எங்களுக்குக் கிடைத்த டோக்கன் கடைசியில் இருந்தது. நடைக்கூடத்தில் சிமெண்டு பெஞ்சு. ஒரு பக்கம் கழிவறை நாற்றம், மறுபக்கம் வாந்தியெடுக்கும் பிள்ளை. மதியத்திற்குள் உன் பெயர் என் நாக்கு நுனிவரை பலமுறை வந்துவிட்டது. ஒருமுறை எழுந்தேவிட்டேன். மருமகள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். மீண்டும் உட்கார்ந்துகொண்டேன்.

நான்கு மணி சுமாருக்குக் குழந்தை தண்ணீர் குடிக்க வேண்டுமென்று எழுந்தாள். குழாய் நடைக்கூடத்தின் கோடியில். இடது பாதம் உள்ளே மடங்க, சுவரைத் தடவிக்கொண்டு போனாள். எதிரே தேநீர்க் கோப்பையோடு ஓர் இளம் பெண் மருத்துவர் வந்துகொண்டிருந்தார். அப்படியே நின்றுவிட்டார். குழந்தை போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வரும்வரை நின்றார். பிறகு மருமகளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

“காலைல எப்படி நடப்பா?”

நான்கு ஆண்டுகளில் இந்தக் கேள்வியை எவரும் கேட்டதில்லை. நீயும் கேட்டதில்லை. மருமகள் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான்தான், “காலையில் நன்றாக நடப்பாள்” என்றேன்.

உள்ளே அழைத்துப்போய்க் குழந்தையை ஒரு கட்டிலில் தூங்கவைத்தார். ஒரு மணி நேரம் கழித்து எழுப்பி நடக்கச் சொன்னார். காலையில் நடப்பதுபோல் நடந்தாள். மூளையில் சுரக்க வேண்டிய ஒரு சத்து இவளுக்குப் போதிய அளவு சுரப்பதில்லையாம். தூங்கி எழுந்தால் கொஞ்சம் இருப்பு இருக்கும், பொழுது ஏற ஏறத் தீர்ந்துவிடும். பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வருவது என்றார்.

“இவ்வளவு நாளா யார்கிட்டயும் காட்டலையா?” என்று கேட்டார்.

“காட்டினோம். பெரியவர்கள் நான்கு பேரிடம் காட்டினோம்.”

“எத்தனை மணிக்கு?”

“காலை எட்டு மணிக்கு. முதல் டோக்கன்.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “காலைல நல்லா நடந்து சாயங்காலம் விழுந்தா அதுதாங்க நோயே. நீங்க எல்லாரும் அதைப் பார்த்து சந்தோஷப்பட்டிருக்கீங்க” என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மருந்து தொடங்கியது. ஒரு சிறிய மாத்திரையில் பாதி. 14 ஆம் தேதி, சனிக்கிழமை மாலை, குழந்தை மாடிப்படியைக் கைப்பிடியைத் தொடாமல் ஏறினாள். என் மகன் மேல்படியில் நின்றிருந்தான். அவன் அழுததைக் குழந்தை பார்த்துக்கொண்டே அவனைக் கடந்து போனாள்.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு நன்றி இல்லாத ஒரு கடிதம் எழுதி நிறுத்தியிருப்பேன். முடியவில்லை. 11 ஆம் தேதி பள்ளி ஆசிரியை ஆள் அனுப்பினார். குழந்தையின் கன்னம் வீங்கியிருந்தது. கடைவாய்ப் பல் சீழ் பிடித்துப் பல நாள் ஆகியிருக்கும் என்றார் பல் மருத்துவர். ஏன் சொல்லவில்லை என்று மருமகள் கேட்டாள். “டாக்டர் தாத்தா நடிப்புன்னு சொல்லுவாங்க” என்றாள் குழந்தை.

நான் உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். மருமகளிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை, அது அவளுக்கும் உனக்கும் உள்ளது. ஏப்ரல் 5, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணிக்கு இங்கு வா. குழந்தையின் முன்னால் உட்கார்ந்து, “நீ நடிக்கவில்லை, நான் சொன்னதுதான் தப்பு” என்று சொல். நாங்கள் சொல்லிப் பார்த்தோம், அவள் நம்பவில்லை. இந்த வீட்டில் எது உண்மையான வலி, எது பொய்யான வலி என்று தீர்ப்புச் சொல்லும் உரிமையை நாங்கள் எல்லோரும் சேர்ந்து உனக்குத்தான் கொடுத்திருந்தோம். அவளுக்கும் அது தெரியும். ஆகவே சொல்ல வேண்டியவன் நீ.

உன்னைப் படிக்கவைத்தவன் நான் என்று இதுவரை எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை. இதிலும் எழுதவில்லை.

அண்ணன்

இணைப்பு: 1. மருத்துவமனை அறிக்கை, நகல். 2. நீ மருமகளுக்கு எழுதி அனுப்பிய தூக்க மாத்திரைச் சீட்டு, பயன்படுத்தப்படாதது. 3. பதில் உறை.


வியாழன்

அன்புள்ள அண்ணாவுக்கு,

குழந்தை நன்றாக நடக்கிறாள் என்பதில் உங்களைவிட எனக்குத்தான் அதிகச் சந்தோஷம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாளைக்கு எழுபது பிள்ளைகளைப் பார்க்கிறேன். இத்தனை வருடத்தில் இந்த நோயை நான் பாடப் புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் ஒரு பத்தி. அந்தப் பெண் டாக்டர் கெட்டிக்காரிதான். ஆனால் அவள் கண்முன்னே குழந்தை விழுந்து விழுந்து நடந்தாள். என் முன்னே ஓடினாள். ஓடுகிற பிள்ளையைப் பார்த்து முடம் என்று நான் எப்படிச் சொல்வேன்?

நீங்கள் எழுதியதால் நானும் எழுதுகிறேன். ஒவ்வொரு தடவையும் முதல் டோக்கன் கேட்டது யார் அண்ணா? நானா கேட்டேன்? மருமகள் மாலையில் காட்டலாமா என்று கேட்டதாகவும், அது முறையல்ல என்று நீங்கள் சொன்னதாகவும் உங்கள் 348 இல் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் எண்ணும் உங்கள் தேதியும்தான். வரிசையில் உட்காருவது உங்களுக்கு மரியாதைக் குறைச்சலாக இருந்தது. இப்போது பழி முழுக்க என் தலையில்.

ஏழு வயதுக் குழந்தையின் முன்னால் உட்கார்ந்து ஒரு டாக்டர் மன்னிப்புக் கேட்பதை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்? குழந்தைகள் நாளைக்கே மறந்துவிடும். அவளுக்கு வேண்டியது மருந்து, வசனம் இல்லை. இருந்தாலும் அண்ணன் சொல்லைத் தட்டியதாக இருக்க வேண்டாம். ஞாயிறு மாலை எனக்கு முடியாது. ஒரு கூட்டத்துக்காக அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை அந்தப் பக்கமாகப் போகிறேன். காலை எட்டு மணிக்கு எட்டிப் பார்க்கிறேன். அவளுக்கு ஒரு பொம்மை வாங்கி வைத்திருக்கிறேன். சாவி கொடுத்தால் நடக்கும்.

தம்பி


கடிதம் எண் 350
13 ஏப்ரல் 1998, திங்கட்கிழமை, மாலை 5.00 மணி

தம்பிக்கு,

முதல் டோக்கன் கேட்டவன் நான் என்று எழுதியிருக்கிறாய். அந்த வாக்கியத்தில் பிழை இல்லை. திருத்துவதற்கு ஒன்றும் காணவில்லை.

ஏப்ரல் 4, சனிக்கிழமை, நீ வந்துபோனதைப் பற்றி எழுதுகிறேன். நீயும் உடனிருந்தாய், ஆயினும் கவனித்திருக்கமாட்டாய்.

மருமகள் முந்தின நாளே குழந்தையிடம், “டாக்டர் தாத்தா வர்றாங்க, ஒங்கிட்ட ஒரு விஷயம் சொல்லப் போறாங்க” என்று சொல்லியிருந்தாள். குழந்தை பள்ளி விழாவுக்குப் போடும் நீலச் சட்டையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு ஏழு மணியிலிருந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மருமகள் உனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நீ சொல்லப்போவதைக் கேட்பதற்காக நின்றாள். வேலையாகப் போனாள் என்று நினைத்திருப்பாய்.

நீ உள்ளே வந்ததும் குழந்தையின் தலையில் கைவைத்து, “என்ன நாடகக்காரி, எப்படி இருக்கே?” என்றாய். பிறகு, “எங்க, ஒரு நடை நடந்து காட்டு, பார்க்கலாம்” என்றாய். அவள் எழுந்து கதவிலிருந்து சன்னல் வரை நடந்தாள். திரும்பினாள். நீ என்னைப் பார்த்து, “பார்த்தீங்களா அண்ணா, மருந்து நல்லா வேலை செய்யுது” என்றாய். பொம்மைப் பெட்டியை மேசைமேல் வைத்தாய். கைக்கடிகாரத்தைப் பார்த்தாய். வாசலில் செருப்பு மாட்டும்போது, “தேநீர் பிரமாதம்னு மருமகள்கிட்ட சொல்லுங்க” என்றாய். கோப்பை நிறைந்தபடியே இருந்தது.

இத்தனை நேரமும் நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு சொல்லும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த டாக்டர் எழுந்தால் நாமும் எழுந்து வாசல்வரை போக வேண்டும் என்ற பழக்கம். போனேன். வண்டிக் கதவையும் நான்தான் சாத்தினேன்.

திரும்பி வந்தபோது மருமகள் தேநீரைக் கழுவுதொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். “சொல்லிட்டாங்களா மாமா?” என்று கேட்டாள். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். என்னிடமிருந்து வரட்டும் என்று கேட்டாள். “இல்லை” என்றேன். “சரி” என்றாள். அந்தக் கோப்பையை அவள் வெகுநேரம் கழுவினாள்.

அவர்கள் மூவரும் இம்மாத இறுதியில் வேறு வீட்டுக்குப் போகிறார்கள். மருத்துவமனைக்குப் பக்கத்தில் இரண்டு அறை. என் மகன்தான் வந்து சொன்னான். நீங்களும் வாருங்கள் என்று அவன் சொன்னான். மருமகள் சொல்லவில்லை. நான் இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

குழந்தைகள் நாளைக்கே மறந்துவிடும் என்று எழுதியிருந்தாய். ஆகவே இதையும் எழுதுகிறேன்.

நேற்று மாலை ஐந்து மணிக்குக் குழந்தை கூடத்துத் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. நீ சொல்லாததை நானே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். நாற்காலியை அவளுக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதை மனத்திற்குள் இரண்டு முறை ஒழுங்குபடுத்திக்கொண்டேன். “கண்ணு, தாத்தா ஒன்று சொல்லட்டுமா?” என்றேன்.

அவள் உடனே வண்ணக் குச்சியைக் கீழே வைத்தாள். எழுந்து நின்றாள். பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

“நடந்து காட்டணுமா தாத்தா?”

வேண்டாம், உட்கார் என்றேன். அவள் உட்காரவில்லை. பெரியவர்கள் ஒருவர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அதற்கு என்ன பொருள் என்பதை அவளுக்கு நாம் நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். கதவுக்குப் போனாள். அங்கிருந்து சன்னல் வரை நடந்தாள். திரும்பினாள். கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, சரியாக இருந்ததா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மிக நன்றாக நடந்தாள். மாலை ஐந்து மணிக்கு அவள் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. ஒழுங்குபடுத்தி வைத்திருந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூட என் வாயிலிருந்து வரவில்லை.

நீ படிக்க வெளியூர் போன நாளிலிருந்து உனக்கு எண்ணிட்டு எழுதிவருகிறேன். இந்த வரிசை இத்துடன் முடிகிறது. உன் மனைவியின் முழங்கால் விரைவில் குணமாகட்டும். அவள் வலிக்கிறது என்று சொன்னால் நம்பு.

அண்ணன்

இணைப்புகள்:
1. பொம்மை, சாவியுடன். பெட்டி பிரிக்கப்படவில்லை.
2. மருத்துவமனை அறிக்கை, இரண்டாம் நகல். பரிசோதித்த நேரம் ‘மாலை 4.10’ என்ற இடத்தில் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருக்கிறேன்.
3. தினசரி நாட்காட்டியிலிருந்து கிழித்த ஏப்ரல் 4 ஆம் தேதித் தாள். நீ தேதி போடுவதில்லை. இந்த ஒன்றாவது உன்னிடம் இருக்கட்டும்.
4. பதில் உறை: இணைக்கப்படவில்லை.